யார் முந்தி? கிறிஸ்தவ வழிபாட்டில் அன்பின் வரிசை

திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கத்தோலிக்க ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்றுதான். ஆனால் மக்கள் கூடும் இடம் அந்தப் பீடத்திலிருந்து இரண்டாகக் கிளைத்து, கால்சட்டையின் இரு கால்களைப் போலத் தனித்தனியே நீண்டது. ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார், நடுவில் சுவர். இரு பக்கத்தாரும் குருவைப் பார்க்கலாம், பீடத்தைப் பார்க்கலாம், உயர்த்திக் காட்டப்படும் அப்பத்தையும் பார்க்கலாம். ஒருவரையொருவர் மட்டும் பார்க்க முடியாது. யார் எங்கே உட்காருவது என்ற சச்சரவு ஓயாத ஓர் ஊரில், இயேசு சபைக் குருமார் கண்ட சமரசம் அந்தக் கட்டடம்.

இதில் என்ன குறை என்று ஒருவர் கேட்கலாம். வழிபாடு கடவுளை நோக்கியது, கடவுளைப் பார்ப்பதற்கு யாருக்கும் தடையில்லை, பூசையிலும் குறைவில்லை, அப்படியிருக்கப் பக்கத்துக் கூடத்தில் இருப்பவர் கண்ணில் பட்டால் என்ன, படாவிட்டால் என்ன? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. வழிபாட்டைக் கடவுளுக்கும் தனி மனிதனுக்கும் இடையே நடக்கும் காரியமாக எண்ணுகிற எவருக்கும் இது நியாயமாகவே தோன்றும். ஆயினும் கிறிஸ்தவத்தின் மூல நூல்கள் இதற்கு மறுப்பாகவே பதில் சொல்கின்றன. அந்த மறுப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று தேடிப் போனால், கடவுளின் அன்பு, அதை நம்பியவர்களின் அடையாளம், அவர்களுடைய ஆராதனை ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பது தெரியும்.

முடிச்சு இருக்கும் இடம் புதிய ஏற்பாட்டிலுள்ள யோவானின் முதல் நிருபம், அதாவது கடிதம். முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் அச்சிறு நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்ற வாசகம் இரண்டு முறை வருகிறது. அன்பும் சிவமும் வேறல்ல என்று திருமூலர் பாடிய மொழியில் வாழ்கிற நமக்கு இது அந்நியமான பேச்சாகப் படாது. ஆனால் யோவான் அந்த இடத்தில் நிற்காமல் உடனே ஒரு வரலாற்று நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறார். நாம் தேவனிடத்தில் அன்புகூர்ந்ததிலிருந்து அன்பு தொடங்கவில்லை, அவர் தம்முடைய குமாரனை அனுப்பியதிலிருந்தே தொடங்கியது என்பது அவர் வாதம். கடவுளின் இயல்பைத் தியானித்து அறிந்துகொள்வதற்கும், கடவுள் செய்த ஒரு காரியத்தைக் கேள்விப்பட்டு அதற்கு மறுமொழி சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. கிறிஸ்தவ வழிபாடு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதனால்தான் அதில் வேத வாசிப்புக்கு இத்தனை இடம்: சேதியைக் கேட்காதவர் எதற்கு மறுமொழி சொல்வார்?

தொடர்ந்து பத்தொன்பதாம் வசனம் வருகிறது. "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" என்பது தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலின் வாசகம். 'முந்தி' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்தவ விசுவாசத்தின் மொத்த வரிசையும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. இவ்வசனத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகள் சிலவற்றில் 'அவரிடத்தில்' என்ற சொல் இல்லை. 'நாமும் அன்புகூருகிறோம்' என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அந்தப் பாடத்தையே பின்பற்றுகிறது. யாரிடத்தில் அன்புகூருகிறோம் என்று சொல்லாமல் விட்டதால் கதவு இருபக்கமும் திறந்து நிற்கிறது, கடவுளை நோக்கியும் பக்கத்திலிருப்பவரை நோக்கியும். அடுத்த வசனமோ எந்த ஐயத்துக்கும் இடம் வைப்பதில்லை: "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" வடக்கன்குளத்துச் சுவரை இவ்வசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கட்டியவர்கள் தடுத்தது எதை என்பது தெரியும். காணத்தக்க சகோதரனையும் காணாதவனாக ஆக்கிவிட்டது அந்தச் சுவர்.

தமிழ் வேதாகமத்தின் 'அன்புகூர்' என்ற வினைச்சொல்லும் சற்று நின்று பார்க்கத்தக்கது. கூர்தல் என்றால் மிகுதல். உள்ளது சிறத்தல் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் சொல்லும். அன்பு வைத்தான், அன்பு காட்டினான் என்பவற்றில் இல்லாத ஒரு பெருக்கம் அச்சொல்லில் இருக்கிறது. யோவான் சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரப் பதினாறாம் வசனத்தைப் பழைய திருப்புதலில் படித்தால், 'தேவன்' என்று தொடங்கி, குமாரனைத் தந்ததையும், விசுவாசிக்கிறவன் கெட்டுப்போகாமல் நித்திய ஜீவனை அடைவதையும் வழியில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் 'இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்' என்று முடிகிறது. கிரேக்க மூலம் அன்பில் தொடங்குகிறது. தமிழ் இலக்கணத்தின் கட்டாயத்தால் வினைமுற்று கடைசிக்கு வந்து, வாக்கியம் முழுவதும் அன்பில் போய் இறங்குகிறது. ஞாயிறு பள்ளியில் இவ்வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் குழந்தைகள் கடைசிச் சொல்லை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் உட்காருவார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. என் கணக்கில் அது தமிழ் தந்த கொடை.

அடையாளத்துக்கு வருவோம். கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலாக வழங்கியது அந்தியோகியாவில் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அப்பெயரைச் சீஷர்கள் தாங்களே சூட்டிக்கொண்டதாக அங்கே இல்லை. அவர்களுக்கு அது வழங்கிற்று என்றுதான் இருக்கிறது. பெயர் வெளியிலிருந்து வருவது இந்த மார்க்கத்தில் தற்செயலன்று. ஞானஸ்நானம் எடுப்பவர் தமக்குத் தாமே தண்ணீர் ஊற்றிக்கொள்வதில்லை, இன்னொருவர் கையால் பெறுகிறார். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கும் சபைகள் இதை இன்னும் ஒருபடி முன்கொண்டுபோகின்றன: ஒரு நன்மையும் செய்யாத, ஒரு ஜெபமும் சொல்லத் தெரியாத பிள்ளைக்குக் கடவுளின் பிள்ளை என்ற பெயரைக் கொடுக்கின்றன. அதை மறுத்து, விசுவாச அறிக்கைக்குப் பிறகே முழுக்கு என்று நிற்கும் சபைகளுக்கும் தக்க நியாயங்கள் உண்டு. அந்தப் பழைய வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் பெறுபவர் பெறுபவரே, சம்பாதித்தவர் அல்லர் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்களின் பழைய பெயர்களைப் பாருங்கள்: தேவசகாயம், அருளப்பன், தேவநேசன், கிருபாகரன். கடவுள் செய்த உதவி, கடவுளின் அருள், கடவுளின் நேசம், கடவுளின் கிருபை. பெயரைத் தாங்குபவரின் வீரமோ கல்வியோ குலமோ அவற்றில் இல்லை. இவற்றுள் முதற்பெயரின் வரலாறு மறுபடியும் வடக்கன்குளத்துக்கே நம்மை அழைத்துப் போகிறது. 1712இல் நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படைத்தளபதியான டச்சுக்காரர் டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற எபிரேயப் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் அவருக்கு வைக்கப்பட்டது. உயர்வு தாழ்வு பாராமல் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியது அவர்மீது எழுந்த பகையை மூட்டிய காரணங்களுள் ஒன்று. 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், அவர் மறைந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு, சாதிக்கு ஒரு காலாக ஆலயம் கட்டப்பட்டது என்பதை நினைத்தால், பெயர் வைப்பது எளிது, பெயருக்குள் வாழ்வதுதான் பாடு என்று தோன்றுகிறது.

பெற்ற அடையாளத்திலிருந்து எழும் வழிபாட்டுக்கு ஒரு குணம் உண்டு: அது கட்டணம் ஆகாது. அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதும்போது, பயப்படுகிறதற்கு ஏதுவான அடிமைத்தனத்தின் ஆவியை நீங்கள் பெறவில்லை, "அப்பா பிதாவே" என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திர சுவிகாரத்தின் ஆவியையே பெற்றீர்கள் என்கிறார். அரமேய மொழியின் 'அப்பா' தமிழ் அப்பாவோடு ஒலியில் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் உலகின் பல மொழிக்காரர்கள் விளக்கக் குறிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நெருக்கம் நமக்கு வாசிக்கும்போதே கிடைத்துவிடுகிறது. சுவிகாரம் என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. தத்தெடுக்கப்பட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து வேலை செய்து பிள்ளை என்ற உரிமையைச் சம்பாதிப்பதில்லை. உரிமை முதலில் வருகிறது. வீட்டு வேலை பின்னால், அந்த வீட்டுப் பிள்ளை என்பதாலேயே, வருகிறது.

இந்த வரிசை நடைமுறையில் அடிக்கடி தலைகீழாகிவிடும். பொருத்தனைக் காணிக்கையை, அதாவது நேர்ந்துகொண்டு கொடுப்பதை, எடுத்துக்கொள்ளலாம். வேலை கிடைத்ததற்கும் நோய் தீர்ந்ததற்கும் நன்றியாக ஒருவர் கொடுக்கும் காணிக்கை, முந்திய அன்புக்குச் சொல்லும் மறுமொழி. வேலை கிடைத்தால் இவ்வளவு தருவேன் என்று பேசி முடிப்பது பேரம். இரண்டும் ஒரே உறையில், ஒரே தட்டில்தான் விழுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் கொடுத்தால்தான் பெறுவீர்கள் என்று மேடையேறிப் போதிக்கும்போது, பேரம் போதனையாகிவிடுகிறது. "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று எழுதிய யோவான் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அன்பில் வேர்கொண்ட வழிபாடு எப்படிப் பழுதாகும் என்பதற்கு மிகப் பழைய சாட்சி கிரேக்க நகரமான கொரிந்துவின் சபை. பவுல் அவர்களுக்கு முதல் நிருபத்தை எழுதியது கி.பி. 50களின் நடுவில். அக்காலத்தில் கர்த்தருடைய பந்தி என்பது இன்றுபோல ஒரு துண்டு அப்பமும் ஒரு மிடறு ரசமுமாக இல்லாமல், முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்தது. தனி ஆலயக் கட்டடங்கள் கிடையாது; வசதியுள்ள விசுவாசி ஒருவரின் வீட்டில் கூடினார்கள். அவ்வகை ரோமானிய வீடுகளில் சாய்ந்து உண்ணும் உணவறை ஒரு சிலருக்கே இடங்கொடுக்கும். மற்றவர்கள் முற்றத்தில்தான் இருக்க வேண்டும். நேரத்தைத் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் முன்னதாகவே வந்து உண்டு குடித்திருக்க, எஜமானின் வேலையை முடித்துவிட்டு வரும் அடிமையும் கூலியாளும் வந்து சேரும்போது தட்டு காலியாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். பவுலின் கண்டனம் இதுதான்: "போஜனம்பண்ணுகையில் அவனவன் தன்தன் சொந்தச் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்."

இங்கேயும் 'முந்தி' வந்துவிட்டது. கிரேக்கத்தில் இவ்விடத்துச் சொல்லும் யோவானின் சொல்லும் வெவ்வேறு. தமிழில் இரண்டும் ஒரே சொல்லாக அமைந்து, மூலத்தில் காணாத ஒரு பொருத்தத்தைக் காட்டிவிடுகின்றன. கடவுள் முந்தினால் அது அன்பு. சகோதரனைப் பின்னே விட்டு மனிதன் முந்தினால், பவுல் சொல்வதுபோல, அது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல. பந்திக்கு முந்து என்று நம் ஊர்ப் பழமொழி சொல்லும், பவுல் சொல்லும் பரிகாரம் அதற்கு நேர் எதிரானது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." அதே பகுதியில், கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் உண்பவன் தனக்கே ஆக்கினைத் தீர்ப்பை வரவழைக்கிறான் என்ற கடுமையான எச்சரிக்கையும் இருக்கிறது. சரீரம் என்றால் பீடத்தின்மேல் இருக்கும் அப்பம் என்று மட்டும் பொருள்கொண்டு பலர் தம் தகுதியைப் பற்றியே அஞ்சிக் கலங்கியிருக்கிறார்கள். ஆனால் ஓர் அதிகாரத்துக்கு முன்புதான் பவுல், ஒரே அப்பத்தில் பங்குபெறும் அநேகரான நாம் ஒரே சரீரம் என்று எழுதியிருக்கிறார். முற்றத்தில் பசியோடு நிற்பவனும் அந்தச் சரீரம் என்று அறியாததே குற்றம் என்ற விளக்கம் இவ்விடத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

அன்பைப் பற்றிய புகழ்பெற்ற பதின்மூன்றாம் அதிகாரமும் இந்த வழக்கின் தொடர்ச்சியே. நம் கல்யாண ஆராதனைகளில் அதை வாசித்து வாசித்து மணமக்களுக்கான வாழ்த்துப் பாடலைப்போல ஆக்கிவிட்டோம். பதினோராம் அதிகாரத்தில் பந்திச் சண்டை, பன்னிரண்டில் யாருடைய வரம் பெரியது என்ற போட்டி, பதினான்கில் ஆராதனையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் குழப்பம்; இவற்றின் நடுவில் அது இருக்கிறது. அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது என்று பவுல் எழுதியது, ஒழுங்காகக் கூடி ஆராதிக்கத் தெரியாத ஒரு சபைக்கு.

இரண்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் சாட்சிகள் வெளியிலிருந்தும் கிடைக்கின்றன. ஏறக்குறைய கி.பி. 112இல் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து மாறி மாறிப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை என்று உறுதியெடுக்கிறார்கள், பிறகு கலைந்து, உணவருந்த மீண்டும் கூடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். உண்மையை வரவழைக்க அவர் சித்திரவதை செய்தது அச்சபையில் ஊழியக்காரிகளாக இருந்த இரண்டு அடிமைப் பெண்களை. ரோமானியச் சமூகத்தின் அடிமட்டத்தில் இருந்த அந்த இருவரும் வழிபாட்டில் பொறுப்பில் இருந்தார்கள் என்பது, அவர் எழுத நினைக்காமலே எழுதிவிட்ட செய்தி. ஏறத்தாழ 155இல் ரோமில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன், ஞாயிறு ஆராதனையின் ஒழுங்கைப் படிப்படியாகச் சொல்கிறார்: வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் ரசமும், வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர் வழியாக அவர்களின் பங்கு, கடைசியாக வசதியுள்ளோர் மனமுவந்து தரும் காணிக்கை. அக்காணிக்கை அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்போருக்கும் வழிப்போக்கருக்கும் போகிறது. தர்மம் ஆராதனை முடிந்தபின் செய்யும் தனி வேலையாக இல்லாமல், ஆராதனையின் ஓர் உறுப்பாகவே இருந்தது. அடுப்பில் உலை கொதிக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஞாயிறன்று கொண்டுவரும் நம் தென்னாட்டுப் பெண்களின் பிடியரிசிக் காணிக்கை இந்த மரபில் வந்ததே. கையில் காசு புழங்காத வீட்டிலும் ஒரு பிடி அரிசிக்கு இடமிருந்தது.

நூற்றாண்டுகள் பல கடந்து, இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் இந்த வரிசையைச் சட்டமாகவே எழுதி வைத்தது. அயலாரோடு அன்பும் சமாதானமுமாக இருப்போரையே அது திருவிருந்துக்கு அழைக்கிறது. ஒருவர்மேல் ஒருவர் பகை வைத்திருக்கிறவர்கள் ஒப்புரவாகும் வரையில் அவர்களை அனுமதிக்கலாகாது என்று குருவானவருக்குக் கட்டளையும் இடுகிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து" செலுத்து என்ற இயேசுவின் சொல்லே இதன் மூலம். இவ்விதி தமிழ்ச் சபைகளில் விசித்திரமான பலனையும் தந்தது. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத குடும்பங்களில், பகையை விடுவதைவிடத் திருவிருந்தை விடுவது எளிதாக இருந்தது. எழுந்து போகாமல் இருக்கையிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, யாரோடு யாருக்கு மனத்தாங்கல் என்று ஊர் கணக்குப் போட்டுவிடும்.

சாதிக்கு வரும்போது அந்த நேர்மைகூட இல்லாமல் போனது. ஜெர்மானிய மிஷனெரி பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1714, 1715ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அச்சபையிலும், அதன் கிளையாக வளர்ந்த தஞ்சாவூர், வேப்பேரி சபைகளிலும் சாதிக்குத் தக்கபடி தனித்தனி இருக்கை என்ற வழக்கம் வேரூன்றியது. திருவிருந்துப் பாத்திரம் முதலில் யாருடைய உதட்டுக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. கொரிந்துவின் 'முந்தி' காவிரிக் கரையில் மறுபடி பிறந்தது. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உறுதியாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, அச்சபைகளிலிருந்து ஏராளமான வேளாளர்கள் வெளியேறினார்கள்.

இப்பூசலில் எதிர்த்தரப்பின் பெரிய குரல் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). தஞ்சை மன்னர் சரபோஜியின் நண்பரும் தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர்களில் தலையாயவருமான அவர், புதிதாக வந்த மிஷனெரிகள்மீது அடுக்கிய புகார்கள் பல: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், பண்டிகைகளில் பூ அலங்காரத்தைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் ஒடுக்குகிறார்கள், சாதிகளை வலிந்து ஒன்றாக உட்காரவைக்கிறார்கள். பூவிலும் பாட்டிலும் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். ஒரு மக்கள் தங்கள் இராகத்தில், தங்கள் மல்லிகையோடு கடவுளைப் புகழ்வதற்கு யாரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை. இன்று எந்தச் சபையிலும் கீர்த்தனை இல்லாமல் பண்டிகை நடப்பதில்லை என்பதே அவருக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் இருக்கையையும் பாத்திரத்தையும் அதே பட்டியலில் சேர்த்து, அதுவும் ஊர் வழக்கம்தானே என்றது பெரும் பிழை. மல்லிகை யாரையும் முற்றத்தில் நிறுத்துவதில்லை.

வடக்கன்குளத்துச் சுவரை 1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் இடித்தார். கலகமும் வழக்கும் தொடர்ந்தன. ஆலயத்துக்குள் தனி இடம் எங்கள் உரிமை என்று கேட்டவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றமும் அவ்வுரிமையை ஒப்புக்கொள்ளவில்லை. சுவர் போனதோடு காரியம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. தனிக் கல்லறைத் தோட்டமும், ஒரு தெருவுக்குள் நுழையாத தேரும் இன்றும் தமிழ்நாட்டில் பேசுபொருள்களே. 2003 நவம்பரில் தமிழகக் கத்தோலிக்க ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தலித் கிறிஸ்தவர்கள் எவ்விதத்திலும் பிரித்து நடத்தப்படக் கூடாது என்று நேரடியாகவே சொல்ல வேண்டியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் தென்னிந்தியா உலகக் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு ஒன்றைக் கொடுக்கவும் செய்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அது 1950இல் வகுத்த திருவிருந்து ஆராதனை முறையில், சபையார் ஒருவருக்கொருவர் சமாதானம் வழங்கும் சடங்கு இடம்பெற்றது. பரிசுத்த முத்தம் என்று பவுல் எழுதியதும், ஜெபத்துக்குப் பின் முத்தமிட்டு வாழ்த்திக்கொள்வதாக யுஸ்தீன் விவரித்ததும் மேலைச் சபைகளின் சாதாரண மக்கள் கையிலிருந்து எப்போதோ நழுவிவிட்டன. கேரளத்துச் சீரியக் கிறிஸ்தவர்களோ அதைக் கைகளால் வழங்கும் முறையாகக் காத்து வந்தார்கள். தென்னிந்தியத் திருச்சபை அதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து பல நாடுகளின் வழிபாட்டுச் சீர்திருத்தங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று.

செய்முறை எளியது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்க, இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். குருவானவரிடமிருந்து தொடங்கி, உடன் நிற்பவர்கள் வழியாக, வரிசை வரிசையாகக் கடைசி இருக்கைவரை அது போகிறது. தனக்குத் தானே எடுத்துக்கொள்ள முடியாது; முந்திக்கொண்டு பெறவும் முடியாது; பக்கத்திலிருப்பவர் கையிலிருந்துதான் வர வேண்டும். அப்பமும் ரசமும் படைக்கப்படுவதற்கு முன்பே இது நடக்கிறது. முன்பு சகோதரனோடு ஒப்புரவாகி, பின்பு காணிக்கை என்ற வசனத்தின் வரிசை அப்படியே அதில் இருக்கிறது. பல இடங்களில் இப்போது இது பக்கத்திலிருப்பவருக்கு ஒரு கைகூப்பாகச் சுருங்கிவிட்டது. தொடத் தயங்கும் சமூகத்தில், தொடுவதையே சடங்காக வைத்த ஒன்று தொடாததாக மாறுவதை நான் சாதாரண மாற்றமாகக் கருதவில்லை.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களில் ஆலயப் பிரதிஷ்டை பண்டிகையின் முடிவில் அசனம் நடக்கும். முதல் நாள் இரவிலிருந்தே ஆலய வளாகத்தில் அடுப்பு எரியும். வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோலக் கொட்டி ஆற்றுவார்கள். வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி தூக்குவார்கள். ஆதி சபையின் அன்பின் விருந்துக்கும் இதற்கும் நேரான வம்சாவளி காட்ட முடியாது. நம் ஊர்க் கொடைச் சாப்பாட்டின் சாயலும் இதில் நிறைய உண்டு. ஆனால் தரையில் ஒரே வரிசையில் உட்காரும்போது, பக்கத்து இலை யாருடையது என்று தேர்ந்தெடுக்க இடமில்லை. யார் எந்தத் தெருவிலிருந்து வந்து உட்காருகிறார்கள், எந்தத் தெருக்காரர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்பதைப் பார்த்து அந்த ஊர்ச் சபையின் நிலையைச் சொல்லிவிடலாம். வரிசையின் கடைசி இலைவரை சோறு விழுந்து, குழம்பும் ஊற்றி முடித்த பிறகுதான் குருவானவர் ஜெபத்துக்கு எழுந்திருப்பார். அதற்குள் கையை வைத்துவிடும் சிறுவர்களின் தொடையில் பக்கத்திலிருக்கும் அத்தையோ சித்தியோ ஒரு தட்டு தட்டி, "பொறுல, எல்லாருக்கும் வரட்டும்" என்பாள்.